மேடிசனில் தேதி பார்த்து வாழ்வது

விஸ்கான்சின் மாநிலத் தலைநகர் மேடிசனுக்கு வேலைக்கோ படிப்புக்கோ வரப்போகிறவர்கள் என்னிடம் முதலில் கேட்பது குளிரைப் பற்றித்தான். எத்தனை டிகிரி போகும், எந்த ஜாக்கெட் வாங்கலாம், கார் ஸ்டார்ட் ஆகுமா. அதற்கெல்லாம் பதில் சொல்லிவிட்டு நான் சில தேதிகளைக் குறித்துக்கொள்ளச் சொல்வேன். ஆகஸ்ட் 14, நவம்பர் 15, ஏப்ரல் 15, ஒவ்வொரு மாதத்தின் முதல் புதன்கிழமை, ஏப்ரல் முதல் நவம்பர் வரை எல்லாச் சனிக்கிழமைகளும். இது நாள் பார்த்து நடக்கிற ஊர். தேதிகள் கைவசமானால் மற்றதெல்லாம் தானாகப் பிடிபடும்.

காரணம் ஊரின் அமைப்பிலேயே இருக்கிறது. வரைபடத்தைப் பாருங்கள். வடமேற்கில் மென்டோட்டா, தென்கிழக்கில் மொனோனா, இரண்டு பெரிய ஏரிகள். நடுவில் ஒடுக்கமான ஒரு நிலப்பட்டை. சில இடங்களில் அதற்கு ஒரு மைல் அகலம்கூடக் கிடையாது. இங்கே எல்லோரும் அதை இஸ்த்மஸ் என்பார்கள். அதன் மேட்டில்தான் சட்டமன்றக் கட்டடம் நிற்கிறது. 1836-இல் ஜேம்ஸ் டோட்டி என்பவர் ஊரே இல்லாத இந்த இடத்தைக் காகிதத்தில் ஊராக வரைந்தார். சட்டமன்ற உறுப்பினர்களுக்கு மனைகளைக் கொடுத்துத் தலைநகரை இங்கே கொண்டுவந்தார். அந்த ஆண்டு ஜூனில்தான் முன்னாள் ஜனாதிபதி ஜேம்ஸ் மேடிசன் இறந்திருந்தார். அவர் பெயர் ஊருக்கு, அவரோடு அரசியல் சாசனத்தில் கையெழுத்திட்டவர்களின் பெயர்கள் தெருக்களுக்கு. ஆனால் அதற்கெல்லாம் மிக முன்பிருந்தே ஹோ-சங்க் என்ற பூர்வகுடி மக்களின் மண் இது. டேஜோப், அதாவது நான்கு ஏரிகள், என்பது அவர்கள் வைத்த பெயர். மென்டோட்டாவின் அடியிலிருந்து 2021-இல் சுமார் 1,200 ஆண்டுப் பழைய மரத்தோணி ஒன்றை எடுத்தார்கள். மறு ஆண்டே 3,000 ஆண்டுப் பழைய இன்னொன்று கிடைத்தது. ஏரிக்கரையில் நடக்கும்போதெல்லாம் எனக்கு அந்தத் தோணிகள் நினைவுக்கு வரும்.

ஆக, இடம் ஒடுக்கம், இருபுறமும் தண்ணீர், வருஷத்தில் பாதி பனி. 2020 கணக்கெடுப்பின்படி ஊர் முழுக்க 2,69,840 பேர். புதிதாக வருகிறவர்களுக்குக் கெடுபிடியாகத் தெரிகிற விதிகள் பெரும்பாலும் இந்த மூன்றிலிருந்து பிறந்தவை.

முதலில் ஆகஸ்ட். பல்கலைக்கழகத்தைச் சுற்றியும் நகர மையத்திலும் பெரும்பாலான வாடகை ஒப்பந்தங்கள் ஆகஸ்ட் 14 நண்பகலில் முடிந்து, ஆகஸ்ட் 15 நண்பகலில் தொடங்கும். இடைப்பட்ட ஒரு நாளில் வீட்டுக்காரர்கள் சுத்தம் செய்து பெயின்ட் அடிப்பார்கள். அந்த ஒரு ராத்திரி ஆயிரக்கணக்கான மாணவர்களுக்கு வீடு கிடையாது. வாடகை வண்டியில் சாமானை ஏற்றி வைத்துக்கொண்டு நண்பர் வீட்டில் படுத்துக்கொள்வார்கள். தெருவோரம் முழுக்க சோஃபா, மேசை, புத்தக அலமாரி, மைக்ரோவேவ் என்று குவிந்து கிடக்கும். வேண்டியதை யாரும் எடுத்துக்கொள்ளலாம். மரச்சாமான், பாத்திரம், விளக்கு இவற்றைத் தயங்காமல் எடுங்கள். மெத்தை, துணி போட்ட சோஃபா இரண்டையும் தொடாதீர்கள். மூட்டைப்பூச்சி வீட்டுக்குள் வந்துவிட்டால் அதை விரட்டுவது பெரும்பாடு. வாடகை வண்டிக்கு மட்டும் ஜூனிலேயே சொல்லி வைத்துவிடுங்கள். ஆகஸ்டில் அக்கம்பக்கத்து ஊர்களில்கூட ஒரு வண்டி கிடைக்காது.

குடும்பத்தோடு வருகிறவர்கள் இந்தச் சுழலுக்குள் சிக்கவே தேவையில்லை. மேற்கு மேடிசன், ஃபிட்ச்பர்க், மிடில்டன், வெரோனா, சன் பிரெய்ரி பக்கம் எந்த மாதத்திலும் வீடு கிடைக்கும். வெரோனாவில் எபிக் என்ற மருத்துவ மென்பொருள் நிறுவனம் இருப்பதால் அந்தப் பக்கம் நம்மவர்கள் அதிகம். எங்கே குடிபோனாலும் மாநிலச் சட்டம் தரும் இரண்டு உரிமைகளைத் தெரிந்துகொள்ளுங்கள். குடிவந்த முதல் 7 நாளுக்குள் வீட்டில் ஏற்கெனவே இருக்கும் சேதங்களை எழுதிக் கொடுக்கலாம். காலி செய்த பிறகு 21 நாளுக்குள் அட்வான்ஸைத் திருப்பித் தர வேண்டும், பிடித்தம் இருந்தால் எதற்கு எவ்வளவு என்று எழுத்தில் சொல்ல வேண்டும். நாங்கள் ஒவ்வொரு முறையும் சாவி வாங்கிய அன்றே வெறும் வீட்டில் சுற்றிவந்து, அடுப்புக்குப் பின்புறம், குளியலறைத் தரை, ஜன்னல் வலை எல்லாவற்றையும் படமெடுத்து வீட்டுக்காரருக்கு மின்னஞ்சலில் அனுப்பிவிடுவோம். அட்வான்ஸ் விஷயத்தில் எங்களுக்கு ஒரு வாய்ப்பேச்சுகூட வந்ததில்லை.

அடுத்தது நவம்பர் 15. அன்றிலிருந்து மார்ச் 15 வரை தெருவில் கார் நிறுத்துவதற்கு ஒரு முறை உண்டு. நள்ளிரவு தாண்டி 1 மணி முதல் காலை 7 மணி வரை, இரட்டைப்படைத் தேதியானால் இரட்டைப்படை வீட்டு எண் இருக்கும் பக்கம், ஒற்றைப்படைத் தேதியானால் ஒற்றைப்படை எண் இருக்கும் பக்கம். பனி அள்ளும் வண்டி ஒரு நாள் தெருவின் ஒரு ஓரத்தையும் மறுநாள் மற்ற ஓரத்தையும் சுத்தமாக வழித்துக்கொண்டு போகத்தான் இந்த ஏற்பாடு. எல்லோரும் தடுமாறுவது தேதியில். 9-ஆம் தேதி இரவு பத்து மணிக்கு நிறுத்துகிறீர்கள் என்று வையுங்கள். விதி அமலுக்கு வரும்போது 10-ஆம் தேதி பிறந்துவிடும். ஆகவே இரட்டைப்படைப் பக்கம்தான் நிறுத்த வேண்டும். "நாளைக் காலை என்ன தேதி?" என்று கேட்டுக்கொண்டு நிறுத்தினால் போதும். பனி பெய்தாலும் பெய்யாவிட்டாலும் விதி விதிதான். நகர மையத்தில் மட்டும் விதிவிலக்கு. அங்கே நகராட்சி பனி அவசரநிலை அறிவிக்கும் இரவுகளில்தான் இது செல்லும். அறிவிப்பு கைப்பேசிக்கே வரும்படி பதிவு செய்துகொள்ளலாம். வந்த முதல் வாரத்திலேயே செய்துவிடுங்கள்.

பனி நின்ற மறுநாள் நண்பகலுக்குள் வீட்டு முன்னால் இருக்கும் நடைபாதையை நாம்தான் சுத்தம் செய்ய வேண்டும். செய்யாவிட்டால் நகராட்சி அபராதம் போடும். நான் இதை அபராதத்துக்குப் பயந்து செய்வதில்லை. எங்கள் தெருவில் சக்கர நாற்காலியில் பேருந்து நிறுத்தத்துக்குப் போகிற ஒருவர் இருக்கிறார். நடைபாதையில் ஒரே ஒரு வீட்டுக்காரர் பனியை விட்டுவிட்டால் அவர் சாலையில் இறங்கித்தான் போக வேண்டும்.

பனி அள்ளும் வித்தையை எனக்குச் சொல்லிக்கொடுத்தவர் பக்கத்து வீட்டுப் பெரியவர் ஒருவர். எழுபது வயதைத் தாண்டிய பெண்மணி, இதே ஊரில் பிறந்து வளர்ந்தவர். முதல் குளிர்காலத்தில் நான் ஷவலால் பனியைத் தூக்கித் தூக்கி இடப்பக்கம் போட்டுக்கொண்டிருந்ததை ஜன்னலிலிருந்து பார்த்துவிட்டு வெளியே வந்தார். "தெருவைப் பார்த்து நில்லுங்கள். எல்லாவற்றையும் வலது கைப்பக்கம் தள்ளுங்கள்" என்றார். பனி அள்ளும் வண்டி நம் வாசலை இடமிருந்து வலமாகக் கடந்து போகும். இடப்பக்கம் குவித்தால், அந்தக் குவியலையும் இழுத்துவந்து நம் கார் பாதையின் வாயிலேயே கொட்டிவிட்டுப் போகும். வலப்பக்கம் குவித்தால் அது நம்மைத் தாண்டிப் போய்விடும். பாதையின் வாயை மட்டும் வண்டி வந்து போன பிறகு சுத்தம் செய்தால் ஒரே வேலையாக முடியும். தூக்காமல் தள்ள வேண்டும் என்பதும் அவர் சொன்னதுதான். மார்ச்சில் விழும் ஈரப் பனி கல்லாய் கனக்கும். இதய நோய், ரத்த அழுத்தம் உள்ளவர்களை ஷவலைத் தொட விடாதீர்கள். ஊரிலிருந்து வந்திருக்கும் அப்பாக்கள் "நான் பார்த்துக்கறேன்மா" என்று ஆர்வமாக இறங்குவார்கள். அவர்களை உள்ளே அனுப்பிவிடுங்கள். தெருவில் தீயணைப்புக் குழாய் பனியில் புதைந்திருந்தால் அதைச் சுற்றி ஒரு வழி வெட்டிவிடுவதும் வழக்கம். அது யார் வீட்டு முன்னால் இருக்கிறதோ அவர் பொறுப்பு என்று எங்கள் தெருவில் எடுத்துக்கொள்கிறோம்.

அப்புறம் உப்பு. இதைப் பற்றி நான் கொஞ்சம் அதிகமாகவே பேசுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள். பனி உறைந்து வழுக்கும்போது எல்லோரும் உப்பை அள்ளித் தூவுகிறார்கள். அந்த உப்பு எங்கும் போய்விடுவதில்லை. தெருவோரச் சாக்கடை வாய்கள் நேராக ஏரிக்குத்தான் போகின்றன, நடுவில் சுத்திகரிப்பு நிலையம் எதுவும் கிடையாது. ஒரு தேக்கரண்டி உப்பு போதும், 5 காலன் நன்னீரை நீர்வாழ் உயிர்களுக்கு நஞ்சாக்க. ஏரியில் கலந்த உப்பைத் திரும்ப எடுக்கவும் வழியில்லை. பக்கத்து வீட்டம்மா உப்பு மூட்டைக்குள் ஒரு பழைய காபிக் கோப்பையைப் போட்டு வைத்திருக்கிறார். நடைபாதையின் பத்துச் சதுரங்களுக்கு, அல்லது இருபதடி கார் பாதைக்கு, ஒரு கோப்பை. அதற்கு மேல் போட மாட்டார். முதலில் நன்றாக வழித்துவிட்டு, மிச்சமிருக்கும் மெல்லிய படலத்தின்மேல் கோழிக்குத் தீனி இறைக்கிற மாதிரி விரல்களைத் தளர்த்தி விசிறுவார். ஒரு உப்புப் பரலுக்கும் மறு பரலுக்கும் இடையே இடைவெளி இருக்க வேண்டும். வெயில் வந்து தரை காய்ந்த பிறகு மிஞ்சிய உப்பைத் துடைப்பத்தால் கூட்டி மறுபடி மூட்டையில் சேர்த்துவிடுவார். குளிர் 15 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்குக் கீழே, அதாவது நம் கணக்கில் மைனஸ் 9-க்குக் கீழே போய்விட்டால் சாதாரண உப்பு வேலையே செய்யாது. அப்போது மணல்தான். குடியிருப்பவர்களுக்கு நகராட்சியே மணலை இலவசமாகக் கொடுக்கிறது, வாளியும் ஷவலும் நாம் கொண்டுபோக வேண்டும். புதிதாக வீடு வாங்கும் தமிழ்க் குடும்பங்களுக்கு நான் இப்போதெல்லாம் ஒரு வாளி மணலும் ஒரு கோப்பையும் கொண்டுபோய்க் கொடுக்கிறேன்.

குளிர் எவ்வளவு என்ற கேள்விக்கும் வந்துவிடுகிறேன். ஊரின் சாதனை 1951 ஜனவரி 30-இல் பதிவான மைனஸ் 37 ஃபாரன்ஹீட், அதாவது மைனஸ் 38 செல்சியஸ். 2019 ஜனவரிக் கடைசியில் மைனஸ் 26 ஃபாரன்ஹீட் வரை இறங்கியது, பல்கலைக்கழகமே வகுப்புகளை நிறுத்தியது. ஆனால் அப்படிப்பட்ட நாள்கள் குறைவு. சாதாரணக் குளிரில் பள்ளிகள் இடைவேளைக்குப் பிள்ளைகளை வெளியேதான் அனுப்பும். ஸ்னோ பேன்ட், பூட்ஸ், ஒரு ஜோடி மாற்றுக் கையுறை மூன்றும் கட்டாயம். பிள்ளைகள் வருஷா வருஷம் வளர்வதால் புதிதாக வாங்கிக் கட்டுப்படியாகாது. செயின்ட் வின்சென்ட் டி பால் போன்ற பழைய பொருள் கடைகளில் அக்டோபரிலேயே போய்ப் பார்த்தால் நல்லது கிடைக்கும். எரிவாயு, மின்கட்டணம் கட்டமுடியாமல் தவிக்கும் குடும்பங்களுக்கு ஒரு தகவல்: நவம்பர் 1 முதல் ஏப்ரல் 15 வரை, பணம் கட்டவில்லை என்பதற்காக வீட்டின் சூட்டுக்கான இணைப்பை நிறுவனங்கள் துண்டிக்க முடியாது. ஆனால் ஏப்ரல் 15 தாண்டினால் பாக்கி முழுதும் வந்து நிற்கும். அதற்கு முன்பே பேசித் தவணை போட்டுக்கொள்வது நல்லது.

டிசம்பரில் மாலை நாலரைக்கு முன்பே இருட்டிவிடும். நம் தோல் நிறத்துக்கு இங்கே குளிர்காலச் சூரியன் போதாது. வைட்டமின் டி அளவைப் பார்த்துச் சொல்லும்படி மருத்துவரிடம் கேளுங்கள். இந்த விஷயத்தில் இந்த ஊருக்கு ஒரு பெருமை உண்டு. 1920-களில் இங்குள்ள பல்கலைக்கழகத்தில் ஹாரி ஸ்டீன்பாக் என்ற பேராசிரியர், உணவின்மேல் புற ஊதாக் கதிரைப் பாய்ச்சினால் அதில் வைட்டமின் டி கூடுவதைக் கண்டுபிடித்தார். பிள்ளைகளின் எலும்பை வளைத்த ரிக்கெட்ஸ் நோய் அமெரிக்காவில் ஒழிய அது பெரிய காரணம். அந்தக் கண்டுபிடிப்பின் வருமானத்தை ஆராய்ச்சிக்கே திருப்பிவிட 1925-இல் ஓர் அறக்கட்டளை தொடங்கினார்கள். அது இன்றும் நடக்கிறது. மரபணுக் குறியீட்டைப் படித்ததற்காக 1968-இல் நோபல் பெற்ற ஹர் கோபிந்த் கொரானா அப்போது வேலை செய்ததும் இதே ஊரில்தான். தெற்காசிய ஆய்வாளர்கள் கூடும் மாநாடு ஒவ்வோர் அக்டோபரிலும் இங்கே நடக்கிறது.

குளிர்காலத்தில் ஊரே காத்திருப்பது ஏரி உறைவதற்கு. மென்டோட்டா என்றைக்கு உறைந்தது, என்றைக்கு உருகியது என்று 1850-களிலிருந்து விடாமல் குறித்து வைத்திருக்கிறார்கள். பதிவு தொடங்கிய காலத்தோடு பார்த்தால் பனிப்படலம் இருக்கும் நாள்கள் இப்போது ஏறக்குறைய ஒரு மாதம் குறைந்துவிட்டன. அந்தப் பட்டியலைப் பார்க்கும்போது பூமி சூடாவது பற்றி வேறு யாரும் எனக்கு விளக்க வேண்டியதில்லை. உறைந்த ஏரியில் நடக்கலாம், சறுக்கலாம், துளையிட்டு மீன் பிடிக்கலாம். 16 வயதானால் மீன்பிடி உரிமம் வேண்டும். பனி குறைந்தது 4 அங்குலத் தடிமன் இருந்தால்தான் நடக்கவே வேண்டும், அப்போதும் முழுப் பாதுகாப்பு என்று யாரும் உத்தரவாதம் தர மாட்டார்கள். ஆறு வந்து சேருகிற இடங்களிலும் ஊற்று இருக்கும் இடங்களிலும் படலம் மெல்லியது. உள்ளூர் மீன்காரர்கள் எங்கே கூடாரம் போட்டிருக்கிறார்களோ அந்தப் பக்கம் மட்டும் போங்கள். போய் அவர்களிடமே கேளுங்கள், ஆசையாகச் சொல்வார்கள்.

ஏப்ரலில் சட்டமன்றக் கட்டடத்தைச் சுற்றிச் சனிக்கிழமைச் சந்தை வந்ததும்தான் எனக்கு ஆண்டு பிறந்த மாதிரி இருக்கும். 1972-இல் தொடங்கிய டேன் கவுன்டி உழவர் சந்தை. இதன் முதல் விதி, விளைவித்தவரே வந்து விற்க வேண்டும். வாங்கி விற்பதற்கு இடமில்லை. அதனால் எந்தக் கடையில் நின்றும் "இதை எப்படி வளர்த்தீர்கள், எப்படிச் சமைப்பது" என்று கேட்கலாம், பதில் கிடைக்கும். சதுரத்தைச் சுற்றி எல்லோரும் கடிகாரமுள்ளுக்கு எதிர்த்திசையில் நடப்பார்கள். எதிரே நடந்தால் கூட்டத்தில் மூச்சு முட்டும். காலை ஏழு மணிக்குள் போனால் நிம்மதியாக வாங்கலாம், பத்து மணிக்கு மேல் அது திருவிழா.

மாமியார் வந்திருந்த கோடையில் அவரைக் கூட்டிக்கொண்டு போனேன். ஆகஸ்ட் மாதம். வாசலிலிருந்தே "இங்க நமக்கு என்னம்மா கிடைக்கப் போகுது" என்று சொல்லிக்கொண்டு வந்தார். ஹ்மாங் மக்களின் கடைக்கு வந்ததும் நின்றுவிட்டார். வியட்நாம் போருக்குப் பிறகு லாவோஸிலிருந்து அகதிகளாக வந்து விஸ்கான்சினில் குடியேறியவர்கள் அவர்கள். இந்தச் சந்தையின் காய்கறிக் கடைகளில் பல அவர்களுடையவை. பாகற்காய், நீளப் பயறு, பூசணிக் கொழுந்து, எலுமிச்சைப் புல், விதவிதமான பச்சை மிளகாய், வேரோடு கொத்தமல்லி. கடையில் இருந்த பாட்டிக்கு ஆங்கிலம் அதிகம் வராது, அத்தைக்கும் அப்படித்தான். அத்தை பாகற்காய் ஒன்றை எடுத்து நகத்தால் லேசாகத் தொட்டுப் பார்த்தார். பாட்டி அதைக் கையிலிருந்து வாங்கி வைத்துவிட்டு, அடியிலிருந்து சின்னதாக, முள் நெருக்கமாக இருந்த இரண்டை எடுத்துக் கொடுத்தார். "பிஞ்சா பாத்துக் குடுக்கறா பாரு" என்றார் அத்தை. மறு சனிக்கிழமை அவரே என்னை எழுப்பினார். "கிளம்பலையாம்மா? அப்புறம் அந்தம்மாகிட்ட நல்லதெல்லாம் போயிடும்." ஊருக்குத் திரும்பும்வரை ஒரு சனிக்கிழமையைக்கூட அவர் விடவில்லை.

பாலாடைக்கட்டி மாநிலம் இது, அமெரிக்காவில் வேறு எந்த மாநிலமும் இவ்வளவு செய்வதில்லை. அன்றன்று செய்த சீஸ் கர்ட், அதாவது பாலாடைக்கட்டித் துண்டுகள், சந்தையில் கிடைக்கும். கடித்தால் பல்லுக்கடியில் கீச்சென்று சத்தம் வர வேண்டும், அதுதான் புதிது என்பதற்கு அடையாளம். சைவக்காரர்கள் ஒன்றைக் கேட்டு வாங்குங்கள்: பாலைத் திரிக்கும் ரென்னெட் சில வகைகளில் கன்றுக்குட்டியின் வயிற்றிலிருந்து எடுக்கப்படுகிறது, சிலவற்றில் நுண்ணுயிர்களிலிருந்து. விற்பவர்களுக்கு இது நன்றாகத் தெரியும், கேட்பதைத் தவறாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். ப்ரெட் சீஸ் என்று வெளிப்புறம் சிவக்கச் சுட்ட ஒரு வகை உண்டு. தோசைக்கல்லில் போட்டாலும் உருகி ஓடாது. பன்னீருக்குப் பதிலாக மிளகுத்தூள் போட்டு வாட்டினால் பிள்ளைகள் தட்டைக் காலி செய்துவிடுவார்கள்.

சந்தையை முடித்துக்கொண்டு அப்படியே சட்டமன்றத்துக்குள் நுழையலாம், கட்டணம் கிடையாது. 1904-இல் பழைய கட்டடம் எரிந்துபோன பிறகு 1906 முதல் 1917 வரை கட்டியது. வெள்ளைக் கிரானைட்டில் கட்டிய 284 அடி உயரக் குவிமாடம். அதைச் சுற்றி ஒரு மைலுக்குள் எந்தக் கட்டடமும் மாடத் தூண்களின் அடியைத் தாண்டி உயரக் கூடாது என்று 1990-இல் மாநிலம் சட்டமே போட்டது. ஊரின் எந்த மூலையில் வழி தவறினாலும் மாடத்தைப் பார்த்துத் திசை கண்டுகொள்ளலாம்.

இனிச் சில சில்லறை விஷயங்கள். மாதத்தின் முதல் புதன் நண்பகலில் ஊரெல்லாம் சைரன் அலறும். சூறாவளி எச்சரிக்கைக் கருவியைச் சோதிக்கிறார்கள், பயப்பட வேண்டாம். வேறு நேரத்தில் அலறினால் உடனே அடித்தளத்துக்கு இறங்குங்கள். 2018 ஆகஸ்ட் 20-இல் மேற்குப் பக்கம் ஒரே நாளில் பத்து அங்குலத்துக்கும் மேல் மழை கொட்டித் தீர்த்தது. வழக்கமான வீட்டுக் காப்பீடு வெள்ளத்தை ஏற்காது, தனியாக எடுக்க வேண்டும். 2024 செப்டம்பரிலிருந்து ஊரின் கிழக்கையும் மேற்கையும் இணைத்து விரைவுப் பேருந்து ஓடுகிறது, அதன் வழித்தடத்தில் வீடு பார்த்தால் ஒரு கார் போதும். ரயில் கிடையாது. சிகாகோவின் ஓ'ஹேர் விமான நிலையத்துக்குப் பல்கலைக்கழகத்திலிருந்தே பேருந்து இருக்கிறது. பெரிய கோயிலுக்கு மில்வாக்கி அருகே பிவாக்கி, மொத்தமாக மளிகை வாங்க சிகாகோவின் டெவான் அவென்யூ. வைலஸ் மிருகக்காட்சிசாலைக்கு அனுமதி இலவசம். தாய்லாந்து நாடு பரிசளித்த மண்டபம் ஆல்பிரிக் தோட்டத்தில் இருக்கிறது, ஊரிலிருந்து வரும் பெற்றோருக்கு அது ரொம்பப் பிடிக்கும்.

கோடையில் எல்லோரும் ஏரிக்கரையில்தான். பல்கலைக்கழகத்தின் மெமோரியல் யூனியன் கட்டடத்துக்கு வெளியே ஏரியோரத் திறந்தவெளியில் சூரியக் கதிர் வடிவ முதுகு வைத்த நாற்காலிகளில் இடம்பிடித்து, பாப்காக் ஐஸ்கிரீம் வாங்கிக்கொண்டு, வெளிச்சம் போகும்வரை உட்கார்ந்திருக்கலாம். ஆனால் ஜூன் தாண்டியதும் தண்ணீரில் இறங்குமுன் பார்த்து இறங்குங்கள். நீலப்பச்சைப் பாசி படரும் நாள்களில் கரையோரம் முழுக்கப் பச்சைக் கூழாக நாறும். அதில் சிலவகை நஞ்சு, பிள்ளைகளுக்கும் நாய்களுக்கும் ஆபத்து. சுகாதாரத் துறை தண்ணீரைச் சோதித்து ஏரியில் குளிக்கும் இடங்களை மூடுவதும் திறப்பதுமாக இருக்கும். கரையில் நிற்கும் அறிவிப்புப் பலகையை முதலில் படியுங்கள்.

அந்தப் பாசிக்குத் தீனி பாஸ்பரஸ். பெரும்பங்கு சுற்றியுள்ள பண்ணைகளின் சாணமும் உரமும் மழையில் அடித்துவரப்படுவது. அதை மாற்ற விவசாயிகளும் அரசும் முயன்றுகொண்டிருக்கிறார்கள். நகரத்தின் பங்கு இலையில் இருக்கிறது. அக்டோபரில் மேப்பிளும் ஓக்கும் உதிர்க்கும் இலைகள் தெருவில் கிடந்து மழையில் ஊறும்போது, தேநீர் இறங்குகிற மாதிரி பாஸ்பரஸ் இறங்கிச் சாக்கடை வாய் வழியாக ஏரிக்குப் போய்விடுகிறது. இலைகளைத் தெருவில் தள்ளாமல், நடைபாதைக்கும் தெருவுக்கும் நடுவே இருக்கும் புல்பட்டையில் குவித்து வைத்தால் நகராட்சி வண்டி வந்து எடுத்துக்கொள்ளும். அல்லது தோட்டத்திலேயே உரமாக்கலாம்.

எங்கள் தெருவில் இதற்கு ஒரு ஏற்பாடு வைத்திருக்கிறோம். மழை வரும் என்று முன்னறிவிப்பு வந்தால் முந்தின மாலை நாலைந்து வீட்டுக்காரர்கள் வாரியோடு இறங்கிவிடுவோம். அவரவர் வீட்டு முன்னால் தெருவோரத்தில் ஓரடி அகலத்துக்கு இலையை வாரி மேலே போட்டாலே போதும், சாக்கடை வாய் இருக்கும் இடத்தில் மட்டும் இரண்டு பக்கமும் கொஞ்சம் கூடுதலாக. வயதானவர்கள் வீட்டு முன்னால் பிள்ளைகள் வாரிவிடுவார்கள். அரைமணி நேர வேலை. நீங்கள் அக்டோபரில் குடிவந்தால், முதலில் வாங்க வேண்டிய சாமான்களில் அகலமான ஒரு வாரியையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.